மூன்றாம் பிரிவில் ஒரு கிணறு

2024 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மாடித்தொட்டியை நிரப்பினேன். கணவருக்குச் சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு இட்லி ஊற்றினேன். மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. விழுப்புரத்தில் இறங்கி அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது காவலாளி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். மேசையைத் துடைத்து, பேனாக்களை எழுதிப் பார்த்து, எழுதாததைக் குப்பையில் போட்டேன். இதெல்லாம் எல்லா நாளும் செய்வதுதான். அன்றைக்கும் செய்தேன் என்பதற்காக எழுதுகிறேன்.

இயற்கை எரிவாயுவைக் குழாய் வழியாக வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் பங்க்குகளுக்கும் கொண்டுபோகும் கம்பெனி எங்களுடையது. அதன் விழுப்புரம் அலுவலகத்தில் நான் கணக்குப் பிரிவு மேலாளர். மார்ச் மாதம் வந்தால் எனக்கு ஒரு தனி வேலை உண்டு. கம்பெனி மீது இருக்கும் வழக்குகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீசுகள், இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் எல்லாவற்றையும் திரட்டி, ஒவ்வொன்றிலும் நாங்கள் தோற்று இழப்பு வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று பிரித்து எழுத வேண்டும். பிரிவுகள் மூன்று. தோற்கத்தான் போகிறோம் என்றால் முதல் பிரிவு. அதற்கு இந்த வருடக் கணக்கிலேயே பணம் ஒதுக்கிவிட வேண்டும். தோற்கவும் கூடும் என்றால் இரண்டாம் பிரிவு. பணம் ஒதுக்க வேண்டாம், ஆனால் ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு குறிப்பாவது வரும், சென்னையில் யாராவது ஒருவர் அதைப் படித்து, பேசி முடித்துவிடலாமா என்று கேட்பார். தோற்க வழியே இல்லை என்றால் மூன்றாம் பிரிவு. பணமும் இல்லை, குறிப்பும் இல்லை. அந்த வழக்கு கம்பெனியைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை என்பது போலத்தான். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருக்கும். வழக்குப் போட்டவர் சலித்துப் போவார், அல்லது செத்துப் போவார்.

எந்தப் பிரிவு என்பதைக் கம்பெனி வக்கீல் எழுத்தில் தருவார். நான் அதை அப்படியே ஏற்றிவிடலாம். ஆனால் மூன்றாம் பிரிவில் போகிற எதையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்காமல் ஏற்றுவதில்லை என்று இந்த வேலைக்கு வந்த வருடமே முடிவு செய்தேன். சென்னையில் இருக்கும் எங்கள் நிதித்துறைத் தலைவருக்கு இது பிடிக்காது. கார் வாடகைதான் தண்டம் என்பார். ஆனால் தடுத்ததில்லை.

அன்றைக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கிணறு. மேல்சித்தாமூருக்குப் பக்கத்தில், சமணரான நயினார் ஒருவருடைய வயலில் இருப்பது. போன வருடம் ஆடியில் அந்தப் பக்கம் சாலைக்கு அடியில் குழாய் பதித்தார்கள். சாலையை வெட்டாமல், ஒரு பக்கம் துளை போட்டு மறுபக்கம் குழாயை இழுக்கும் முறை. துளை இடிந்து விழாமலிருக்க பென்டோனைட் என்ற களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து அழுத்தத்தோடு உள்ளே செலுத்துவார்கள். அந்தக் கரைசல் பாறை இடுக்கு வழியாகத் தன் கிணற்றுக்குள் வந்துவிட்டது, ஊற்றுக்கண்கள் அடைத்துக்கொண்டன என்பது நயினாரின் வழக்கு. கம்பெனியின் பதில் ஒரே ஒரு தாள். சம்பவம் நடந்த வாரத்திலேயே அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, களிமண் இல்லை என்று அறிக்கை வந்திருந்தது. தண்ணீரை எடுத்துக் கொடுத்தது மனுதாரர் வீட்டாரே என்றும் அதில் இருந்தது. எங்கள் வக்கீல் அதன்மேல் நின்றுதான் மூன்றாம் பிரிவு என்று எழுதியிருந்தார்.

மதியம் காரில் திண்டிவனம் வந்து, கோர்ட் வாசலில் வக்கீலை ஏற்றிக்கொண்டேன். என் வயதுக்காரர், நல்ல மனிதர், வெற்றிலை போடுவார். செஞ்சி சாலையில் திரும்பியதும் பேச்சை ஆரம்பித்தார்.

"எல்லாரும் சாட்சியைத்தான் விசாரிப்பாங்க மேடம். நீங்க ஒருத்தர்தான் கெணத்தையே விசாரிக்கறீங்க."

பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றேன். பார்க்கறதுக்கு என்ன, அதுபாட்டுக்கு இருக்கும் என்றார்.

வீடு வயலை ஒட்டியே இருந்தது. நயினாருக்கு எழுபது தாண்டியிருக்கும். எதிர்க்கட்சிக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "கத்திப் பேசுங்க. அவருக்குக் காது மந்தம். கேஸுன்னா மட்டும் கேக்கும்" என்றார். நயினார் அதற்கும் சிரித்தார்.

வயலில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பூவெல்லாம் முடிந்து, காய் பிடிக்கும் பருவத்தில் நின்றது. அதற்கு இப்போதுதான் தண்ணீர் வேண்டும். இலைகள் பகலிலேயே மடிந்து கிடந்தன. நயினார் எங்களைக் கிணற்றுக்கு அழைத்துப்போய் மோட்டாரைப் போட்டார். சற்று நேரம் குழாயில் கைத்தடிமனுக்குத் தண்ணீர் வந்தது. பிறகு காற்று இழுக்கிற சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் விடிகாலையில் போட்டால் உச்சிவேளை வரை ஓடும், சித்திரையிலும் ஓடும் என்றார். இப்போது ஒரு பாத்தி நனைவதற்குள் முடிந்துவிடுகிறது. மறுநாள் வரை காத்திருந்தால் இன்னொரு பாத்தி.

நான் குனிந்து பார்த்தேன். கல் கட்டிய கிணறு. அடியில் கொஞ்சம் தண்ணீர், தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீருக்கு மேலே, கற்களின் இடுக்கில், சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு காய்ந்து வெடித்திருந்தது. வயலின் மண் செம்மண். வக்கீலைப் பார்த்தேன். அவர் மல்லாட்டைச் செடி ஒன்றைப் பிடுங்கிக் காய் எண்ணிக்கொண்டிருந்தார்.

நயினார் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கிணறு பழையபடி ஊற வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடத்தில் ஒரு போர் போட்டுத் தர வேண்டும். இந்தப் பட்டத்து விளைச்சலும் போய்விட்டால் நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சென்னையில் மகன் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே பேசி முடித்துவைத்த விஷயம் போலச் சொன்னார். அதற்குள் அவர் மனைவி குடத்தோடு வந்துவிட்டார்.

"அங்க அபார்ட்மென்டும்மா. பைப்புல வர்ற தண்ணி. வடிகட்டினா மிச்சத்த எந்தக் கெணத்துல கொண்டுபோய் விடறது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் செய்துகாட்டினார். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தருவதற்காகத்தான். கிணற்றில் ஒரு குடம் சேந்தினார். இன்னொரு குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, மெதுவாக ஊற்றி வடிகட்டினார். பிறகு துணியைத் திருப்பி, வடிகட்டிய தண்ணீரிலேயே கொஞ்சம் எடுத்து ஒரு சிறிய செம்புக்குள் அலசினார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் துணியில் தங்கியிருக்கும், எந்தத் தண்ணீரிலிருந்து வந்தனவோ அந்தத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்றார். அந்தச் செம்புக்கு அடியில் ஒரு வளையம் இருந்தது. அதை மேலிருந்து கவிழ்க்கவில்லை. கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீரைத் தொட்டபிறகுதான் கயிற்றைச் சுண்டிக் கவிழ்த்தார். உயரத்திலிருந்து விழுந்தால் அடிபடும் அல்லவா என்றார்.

நான் தண்ணீர் குடித்துக்கொண்டே, எல்லாத் தண்ணீரையும் இப்படித்தானா என்று கேட்டேன். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"எல்லாத் தண்ணியும்தான். உங்க கம்பெனிக்காரர் பாட்டில எடுத்துக்கினு வந்தாரே, அதுக்கும் வடிகட்டித்தான் குடுத்தேன்."

வக்கீல் கையிலிருந்த செடியைக் கீழே போட்டார்.

அந்த அம்மாள் பெருமையோடுதான் சொன்னார். வந்தவர் நிழலில் நின்றுகொண்டு, பாட்டிலை நிரப்பித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குக் கிணறு முழுக்கச் சாம்பலைக் கரைத்தது போல இருந்தது. "அப்டியே எப்படிம்மா குடுக்கறது? நாளைக்கு வாங்கன்னு சொல்லி, ராத்திரி முழுக்கத் தெளிய வெச்சு, காலையில ரெண்டு மடிப்பு போட்டு ஊத்தினேன். துணியில கஞ்சி மாதிரி நின்னுது. அதையும் கெணத்துலயே விட்டுட்டேன். பாட்டில் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அந்தப் புள்ள கூடச் சொல்லிச்சு, நல்லாருக்கேன்னு."

நயினார் எங்கள் முகத்தை மாறிமாறிப் பார்த்தார். காது மந்தமானாலும் இது கேஸ் விஷயம்.

"அதனால ஏதாவது கொறையாங்க?" என்றார்.

"ஒரு கொறையும் இல்லீங்க. நல்லதுதான் பண்ணியிருக்காங்க" என்றார் வக்கீல்.

பொழுது சாய்வதற்குள் அவர்கள் சாப்பிட்டுவிடுவார்களாம். எங்களையும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டோம். கார் கதவை மூடும்வரை அந்த அம்மாள் வாசலில் நின்றார்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் வக்கீல் பேச ஆரம்பித்தார்.

"நான் எதையும் காதுல வாங்கல மேடம். நீங்களும் வாங்கல."

அறிக்கையே தப்பு என்று ஆகிறதே என்றேன். அறிக்கை தப்பில்லை, அவர்கள் பரிசோதித்தது நல்ல தண்ணீர், நல்ல தண்ணீர் என்று எழுதியிருக்கிறார்கள் என்றார். அந்த அம்மாளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார் என்றேன்.

"கேட்டாத்தானே? அவங்க வக்கீலு சின்னப் பையன். அவனுக்கு ஆய்வக அறிக்கைய எதிர்க்கணும்னு தெரியுமே தவிர, எப்படின்னு தெரியாது. இந்த மாதிரி ஒண்ணு இருக்கும்னு யாருக்கு மேடம் தோணும்?"

உண்மைதான். நானே அங்கே போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இந்தத் தவறு நடந்திருக்காது. அழுக்குத் தண்ணீரைக் காட்டத்தான் எல்லோரும் துடிப்பார்கள். இவர்கள், கெடுத்தவனுக்கே வடிகட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

சிறிது தூரம் போனதும் வக்கீலுக்கு வேறொரு யோசனை வந்துவிட்டது. கிணற்றைக் கம்பெனி செலவில் தூர் வாரிக் கொடுத்துவிடலாம். மனிதாபிமான அடிப்படையில். ஒப்பந்தக்காரரிடம் கிரேன் இருக்கிறது, நாளைக்கே அனுப்பலாம். நயினாருக்கும் சந்தோஷம், ஊரிலும் நல்ல பேர். சொல்லும்போதே ஒப்பந்தக்காரரின் எண்ணைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

தூர் வாரினால் ஊற்று திறந்துகொள்ளுமா என்று கேட்டேன்.

"அது பாறைக்குள்ள போய் ஒக்காந்துகினு இருக்கு மேடம். எங்க தெறக்கும்? ஆனா அடியில இருக்கற சேறு போயிடும் பாருங்க."

அடியில் இருப்பதுதான் அந்தக் கஞ்சி. அந்த அம்மாள் துணியிலிருந்து அலசி அலசித் திரும்ப விட்டது. கிணற்றில் பென்டோனைட் வந்தது என்பதற்கு இப்போது பூமியில் மிச்சமிருக்கும் முக்கிய அத்தாட்சி. கல்லிடுக்கில் காய்ந்த பூச்சையும் கிரேன்காரர்கள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவார்கள். பிறகு கோர்ட் யாரை அனுப்பிப் பார்க்கச் சொன்னாலும் கிணறு சுத்தமாக இருக்கும், தண்ணீர் மட்டும் ஊறாது. மழை பொய்த்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

கோர்ட் வாசலில் அவரை இறக்கிவிட்டேன். இறங்கும்போது, "நீங்க மனசுல போட்டுக்காதீங்க. ஃபீஸ் வாங்கறவன் நான், பாவம் எனக்குத்தான்" என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்குக் கோபமூட்டவில்லை. அவருடைய வேலை அது. கம்பெனிக்குப் பாதகமானதைத் தேடித் தருவது அவர் வேலையல்ல. என்னுடைய வேலை என்ன என்பதுதான் கேள்வி. எந்த வழக்கு எந்தப் பிரிவு என்று உள்ளது உள்ளபடி எழுதுவதுதான் அது.

விழுப்புரம் திரும்பவில்லை. காரை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, மடிக்கணினியில் பார்வைக் குறிப்பை எழுதினேன். பார்த்ததை, கேட்டதை, அதே வரிசையில். பாட்டிலில் போனது வடிகட்டிய தண்ணீர் என்பதையும் எழுதினேன். இந்த வழக்கு மூன்றாம் பிரிவுக்குப் பொருந்தாது, குறைந்தது இரண்டாம் பிரிவு என்று எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். விளக்கு ஏற்றி முடிப்பதற்குள் நிதித்துறைத் தலைவர் போனில் கூப்பிட்டார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்துகிற ஆளும் இல்லை. வடிகட்டிய விஷயத்தை எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்புங்கள் என்றார். ஏன் சார் என்றேன். வக்கீலின் கருத்து எழுத்தில் இருக்கிறது, கணக்குப் பிரிவுக்கு அது போதும், தணிக்கையாளர்களுக்கும் அது போதும் என்றார். எனக்குத் தெரிந்துவிட்டதே சார் என்றேன்.

"நீங்க போகாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது மேடம். போகச் சொல்லி நாங்க சொல்லல."

கிரேனுக்கும் அவரே ஒப்புதல் கொடுத்துவிட்டாராம். காலை பத்து மணிக்குப் போய்விடும். இவ்வளவு செய்கிறோமே, அந்தப் பெரியவருக்கு இதுவே நல்லதுதானே என்று என்னிடமே கேட்டார். கேட்கும்போது அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். பயிர் வாடிக்கொண்டிருக்கிறது, கிணறு தூர் வாரப்படுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல காரியம் போலத்தான் இருக்கும்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். வேலை போய்விடுமா என்றார். உடனே போகாது, முதலில் ஊர் மாற்றுவார்கள் என்றேன். அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

எதிர்க்கட்சிக்காரரிடம் கம்பெனியின் விஷயத்தைச் சொல்லக் கூடாது. இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதற்கான தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனால் இதில் கம்பெனியின் விஷயம் எது என்று எனக்கு விளங்கவில்லை. வடிகட்டியது அந்த அம்மாள். கிணறு அவர்களுடையது. சேறு அவர்கள் கிணற்றில் இருப்பது. அதன் மதிப்பு மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது. பத்து மணிக்குப் பிறகு தெரிந்தும் பயனில்லை. குறிப்பை மாற்றவில்லை. மாற்றாமலேயே மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 20, புதன்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக நயினாருக்குப் போன் செய்தேன். எண் அவருடைய மனுவிலேயே இருந்தது. இன்னும் நன்றாக விடியவில்லை. அவர் எழுந்திருந்தார். யார் என்று சொன்னதும், நான் வாயைத் திறப்பதற்குள் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார். ராத்திரியே ஒப்பந்தக்காரர் பேசிவிட்டாராம். கிரேன் வருவதற்கு வரப்பை வெட்டி வழி பண்ணிக்கொண்டிருக்கிறாராம். நீங்கள் வந்துபோன புண்ணியம் என்றார்.

கிரேனை விடாதீர்கள் என்றேன். கேட்கவில்லை போலிருக்கிறது. சத்தமாகத் திரும்பச் சொன்னேன். அடியில் இருக்கும் சேறுதான் உங்கள் கேஸுக்கு இருக்கும் முக்கிய சாட்சி, கோர்ட்டிலிருந்து ஆள் வந்து பார்த்து எடுக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது, உங்கள் வக்கீலிடம் சொல்லி அதற்கு இன்றைக்கே மனுப் போடுங்கள் என்றேன். போன தடவை பாட்டிலில் போனது வடிகட்டிய தண்ணீர் என்பதால்தான் கேஸ் இப்படி நிற்கிறது, இந்தத் தடவை வடிகட்டாமல் கொடுக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

அவர் பக்கத்தில் மனைவியிடம் சொல்வது கேட்டது. பிறகு அந்த அம்மாள் போனை வாங்கினார்.

"வடிகட்டாத தண்ணிய பாட்டில்ல போட்டு மூடினா அதுல இருக்கறதெல்லாம் செத்துடாதாம்மா?"

தெரியவில்லை என்றே சொன்னேன். கல்லிடுக்கில் காய்ந்திருக்கிறதே, அதைச் சுரண்டி எடுத்தால் போதுமா என்று உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள் என்றேன். காஞ்சதுன்னா பரவாயில்ல என்றார். அப்புறம், "நான்தான் கெடுத்துட்டேனா?" என்றார். நீங்கள் கெடுக்கவில்லை என்றேன். அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

போன் மறுபடி நயினாரிடம் போனது.

"மிஷினு வந்து எறைச்சாலும் கெணத்துல இருக்கற மீனு, தவளை எல்லாம் செத்துதான் போவும். இவ ராத்திரியே சொல்லிக்கினு இருந்தா. நான்தான் மல்லாட்டைக்காகப் பார்த்தேன். வேணாம்னு சொல்லிடறேன்."

தூர் வாரினால் தண்ணீர் வரும் என்று அவர் நம்பியிருந்தார். வராது என்று அப்போதுதான் சொன்னேன். மல்லாட்டை என்ன ஆகும் என்று கேட்டேன். அந்தப் பட்டம் அவ்வளவுதான் என்றார். மாடு தின்னும் என்றார்.

பிறகு, யார் சொல்லி மிஷினை வேண்டாம் என்கிறாய் என்று ஒப்பந்தக்காரர் கேட்டால் என்ன சொல்லட்டும் என்று கேட்டார்.

நான் சொன்னதாகவே சொல்லுங்கள் என்றேன்.

அவருக்கு என் பெயர் தெரியாது. சொன்னேன். இருங்கம்மா, எழுதிக்கறேன் என்று சொல்லி, பேனா தேடப் போனார்.